பாதுகாப்பாகக் கூடுமிடம்

ஆய்வுக் குழு வரப்போகிறது என்ற தகவல் வந்த பிறகுதான், எங்கள் கல்லூரியும் தீப்பிடிக்கக்கூடியது, இடிந்து விழக்கூடியது, கடல் கொஞ்சம் மனம் மாறினால் மூழ்கக்கூடியது என்பதெல்லாம் எங்களுக்கு உறைத்தது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், உப்பளங்கள் முடிந்து முள்ளடர்ந்த உடைமரக் காடு தொடங்குகிற இடத்தில், வெயிலில் வெளுத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கட்டிடங்களுக்குள் நாங்கள் வகுப்பெடுத்தோம், சாப்பிட்டோம், சண்டை போட்டோம், ஓய்வு பெற்றோம். அவற்றை விட்டு ஓட வேண்டி வரும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. குழு கேட்கப்போகிற கேள்விகளில் ஒன்று, ஆபத்து வந்தால் எல்லாரையும் வெளியேற்ற என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்பது. எங்களிடம் இருந்த ஒரே திட்டம் ஓடுவது. அதை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் போடமாட்டார்கள் என்று முதல்வர் ஞானதிரவியம் சொன்னார்.

அந்த வேலை இயற்பியல் துறை சகாயராணியின் தலையில் விழுந்தது. பின்வாசல் எப்போதும் பூட்டியே கிடக்கிறதே என்று முன்பொரு கூட்டத்தில் அவள் வாயைத் திறந்துவிட்டாள். எங்கள் கல்லூரியில் குறை சொன்னவருக்கே அந்தக் குறை சொந்தமாகிவிடும். எங்களில் பலரைவிட வயதில் இளையவள், அதிகம் பேசாதவள். கோடை விடுமுறை முழுக்க ஆளில்லாத கட்டிடங்களுக்குள் தனியாக நடந்து, எந்தப் படிக்கட்டில் எந்த வகுப்பு இறங்க வேண்டும், வேதியியல் கூடத்தில் எரிவாயுவை யார் மூட வேண்டும், ஊன்றுகோலோடு வருகிற தமிழ்த்துறைப் பிள்ளையை எந்த இருவர் தூக்க வேண்டும், கதவுகள் உள்பக்கமாகத் திறந்தால் கூட்டம் எப்படி நசுங்கும் என்று எல்லாவற்றையும் யோசித்து முடித்தாள். கைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் பச்சை நிறப் பலகை ஒன்றை நட்டு, அதில் 'பாதுகாப்பாகக் கூடுமிடம்' என்று எழுத வைத்தாள். வெளியே வந்தவர்கள் அங்கே வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட வேண்டும், எல்லாரும் வந்தாயிற்று என்று தெரிந்த பிறகே அமைதி மணி அடிக்க வேண்டும் என்பது அவள் திட்டத்தின் கடைசிப் பகுதி.

"தலையை எண்ணினா போதாதாம்மா? பேர் கூப்பிட்டா சாயங்காலம் ஆயிருமே," என்றார் முதல்வர்.

"எண்ணினா எத்தனை பேர் வரலன்னுதான் சார் தெரியும். யார் வரலன்னு தெரியாது," என்றாள் சகாயராணி.

முதல்வர் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் கணவன் கஸ்பார் பர்னாந்து சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். பல வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில், பல்பொடியும் சிகரெட்டும் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கப்பலிலிருந்து இறங்கினான். இறங்கினார், திரும்ப ஏறவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள்; அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கும் ஒன்றுமில்லை. கடலில் விழுந்தான் என்றால் அழலாம், இன்னொருத்தியோடு போனான் என்றால் திட்டலாம், இரண்டும் இல்லாமல் அவள் மாமியார் மிக்கேலம்மாளும் அவளும் கோயில் தெருவில் ஒரே வீட்டில் காத்துக் கிடந்தார்கள். பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை, கடல்மேல் போனவர்களுக்காக வேண்டும்போது அவன் பெயரை விடவும் சொல்லவில்லை.

முதல் ஒத்திகை ஒரு புதன்கிழமை முற்பகலில் நடந்தது. அபாய மணி அடித்தது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள், சில பேராசிரியர்கள் டீ டம்ளரோடு இறங்கி வந்தார்கள், எல்லாரும் மைதானத்தில் வரிசையில் நின்றார்கள், சகாயராணி கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். வணிகவியல் இரண்டாம் ஆண்டில் எசக்கியம்மாள் என்று ஒரு பெண், மஞ்சள்காமாலை வந்து உடன்குடியில் அம்மா வீட்டில் படுத்திருந்தாள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பிராக்சி கொடுப்பது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். வராத தோழிக்கு வருகைப் பதிவு போய்விடக் கூடாதே என்ற பாசத்தில், அவள் தோழி ஷீபா, எசக்கியம்மாள் பேசுகிற மாதிரியே மூக்கால், "பிரசென்ட் மேம்" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் ஷீபாவுக்குப் பக்கத்தில் எசக்கியம்மாள் நைட்டியோடு நின்றுகொண்டிருந்தாள், கையில் பாதி குடித்த கீழாநெல்லிச் சாறு இருந்தது, கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது.

முதல்வர் அவளைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, "ஏம்மா, யூனிஃபார்ம் எங்க?" என்பது.

"உடம்பு சரியில்ல சார்," என்றாள் எசக்கியம்மாள்.

அது நியாயமான பதிலாக இருந்ததால் அவர் அடுத்த வரிசைக்குப் போனார். பெயர் கூப்பிட்டு முடிந்து அமைதி மணி அடித்ததும் எசக்கியம்மாள் அங்கே இல்லை. உடன்குடியில் கட்டிலில் இருந்தாள், காலில் மட்டும் மைதானத்து மண் ஒட்டியிருந்தது என்று அவள் அம்மா போன் பண்ணிச் சொன்னாள். போனது போனாய், ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று அந்த அம்மாளுக்கு வருத்தம்.

இது எப்படி நடந்தது என்று எங்கள் கல்லூரியில் ஒருவரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. இயற்பியல் துறையினர் அது வேதியியல் துறையின் விஷயம் என்றார்கள், வேதியியல் துறையினர் ஜெபக்கூட அருட்தந்தையிடம் கேளுங்கள் என்றார்கள், அருட்தந்தை தமக்கு மதியம் வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டார். எங்களைப் பிடித்து ஆட்டிய கேள்வி வேறு: எசக்கியம்மாளுக்கு அன்றைக்கு வருகைப் பதிவு உண்டா இல்லையா? நேரில் நின்றாள், எல்லாரும் பார்த்தோம், ஆகவே உண்டு என்று ஒரு கட்சி. பிராக்சி கொடுத்து வந்தவள் பிராக்சிதான், அவளுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாப் பயலும் வீட்டில் படுத்துக்கொண்டே பட்டம் வாங்குவான் என்று இன்னொரு கட்சி. பேராசிரியர் கூட்டத்தில் பெரிய கூச்சலாகி, இரண்டு பேர் வெளிநடப்புச் செய்து, கடைசியில் அரை நாள் கொடுப்பது என்று முடிவாயிற்று.

குழு வந்தது, பார்த்தது, போனது. பதிவில் இருக்கிற மாணவர்களைவிட மைதானத்தில் நிற்கிறவர்கள் அதிகமாக இருக்கிறார்களே என்று அவர்களில் ஒருவர் கேட்டார். ஒத்திகைக்கு எங்கள் ஊரில் ஆர்வம் அதிகம் என்று முதல்வர் சொன்னார். கேட்டவர் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டுப் போனார். குழு போன பிறகும் ஒத்திகை நிற்கவில்லை. மாதம் ஒருமுறை என்று இருந்தது வாரம் ஒருமுறை ஆகிவிட்டது. ஏனென்றால் அதற்குள் பிள்ளைகள் வகுப்புத் தோழிகளை விட்டுவிட்டு அப்பாக்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா என்றால் போன்தான். தமாமில், மஸ்கட்டில், மாலத்தீவில், கப்பலில், சூரத்தில், திருப்பூரில் இருக்கிற அப்பாக்களின் பெயரைச் சகாயராணியிடம் சொல்லிவைப்பார்கள், அவள் கூப்பிடுவாள், மகள் அப்பாவின் குரலில் பதில் சொல்வாள். "பிரசென்ட்" என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த ஆள் தன்னைக் கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்வாரோ அப்படிச் சொன்னால் போதும். "சொல்லு மக்கா" என்று கனத்த குரலில் ஒரு பிள்ளை சொல்ல, கை முழுக்கச் சிமெண்டோடு ஒருவர் வந்து நிற்பார். "ஆரு?" என்று இன்னொரு பிள்ளை எரிச்சலாகச் சொல்ல, எரிச்சலான ஒருவர் வந்து, மகளைப் பார்த்ததும் எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியாமல் நிற்பார். குரல் சரியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. கைக்குழந்தையாக விட்டுப் போன அப்பாவைப் போனில் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு பெண், தான் கேட்ட குரலை அப்படியே கொடுத்தாள். வந்த மனிதர் சிக்னல் சரியில்லாத போன் பேச்சுப் போல விட்டு விட்டுத் தெரிந்தார், பாதி முகம் வரும், மறையும், மறுபடி வரும். அவள் அவரை அசையாமல் நிற்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரும் இதற்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. குளித்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிடப்பட்டு வந்தவர்கள் சிலர் உண்டு என்பதால், நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் மடித்த கைலிகளும் துப்பட்டாக்களும் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் தயாராக நிற்பார்கள். பெண்கள் தூக்குச்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்து, அமைதி மணிக்குள் ஊட்டிவிடப் பார்ப்பார்கள். தூரத்தில் இருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை முற்பகல் என்று அவர்களுக்கும் தெரியும். வெயிலில் சாரத்தின்மேல் நின்று வேலை செய்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் மீசையைத் திருத்தி, சலவைச் சட்டை போட்டு, மகளுக்கு வாங்கிய வாசனை சோப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்களாம், யாராவது கூப்பிடுவார்களோ என்று. கூப்பிடப்படாத புதன்கிழமைகளில் அந்த சோப்பை அவர்கள் என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. முதல்வருக்கும் மெல்போர்னில் ஒரு மகள் இருந்தாள். அவர் மனைவி வந்து குரல் கொடுக்கிற நாள்களில் அமைதி மணி அடிக்க ரொம்ப நேரம் ஆகும், நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம்.

இவ்வளவுக்கும் நடுவில் சகாயராணி ஒலிபெருக்கியோடு நிற்பாள். யார் யாருடைய ஆள்களையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தன் ஆளைக் கூப்பிட மாட்டாள்.

செத்தவர்கள் வரமாட்டார்கள் என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மாவை இழந்த விடுதிப் பெண் ஒருத்தி ஆசைப்பட்டுக் குரல் கொடுத்துப் பார்த்தாள், ஒருவரும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் முழு அர்த்தம் பேச்சியம்மாள் வந்த அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அவள் மகன் சூரத்தில் நூல் ஆலையில் இருந்தான், முந்தின நாள்தான் போனில் பேசியிருந்தான். அவள் பணியாரம் செய்து எடுத்து வந்திருந்தாள். பெயர் கூப்பிட்டதும் மகனைப் போலவே கொஞ்சம் திக்கி, "எ... என்னம்மா" என்றாள். அச்சு அசல் அவன் குரல். யாரும் வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள், யாரும் வரவில்லை. ரயிலில் இருப்பான், தூங்கியிருப்பான், குரல் எட்டியிருக்காது என்று நாங்கள் ஆளுக்கொன்று சொல்லிப் பணியாரத்தை ஆளுக்கொன்று எடுத்துத் தின்று அவளை அனுப்பிவைத்தோம். அந்த வாரக் கடைசியில் சூரத்திலிருந்து செய்தி வந்தது.

அதற்குப் பிறகு மைதானத்தில் கூட்டம் குறையவில்லை, சத்தம் குறைந்துவிட்டது. குரல் கொடுப்பதற்கு முன் எல்லாரும் ஒரு நொடி தயங்கினார்கள். சகாயராணியைப் பார்த்து ஊர் மெல்லப் பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். ஊருக்கெல்லாம் கூப்பிடுகிறாளே, தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு குரல் போதுமே, ஏன் கொடுக்கவில்லை?

எங்களில் ஒருத்தி, அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள், துணிந்து கேட்டுவிட்டாள். சகாயராணி டிபன் பாக்ஸை மூடினாள்.

"வரலன்னா அழுதுருவேன் அக்கா. அழுது முடிச்சிருவேன். வந்துட்டா? இத்தன வருஷம் உயிரோட இருந்து ஒரு போன் பண்ணாத ஆளு, வேற எந்த வீட்டுச் சோத்துக் கையோடயாவது வந்து என் முன்னால நின்னா, நான் என்ன கேக்க?"

 அவள் அவனை மறக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவள் ஸ்கூட்டரில் வரும்போது பக்கத்தில் போனவர்கள் கேட்டிருக்கிறார்கள், ஹெல்மெட்டுக்குள் ஒரு ஆண்குரல் பேசுவதை. வாசலில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிற ஒருவனை உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் எப்படிச் சொல்வான், அப்படி: முதல் சொல் நீண்டு, இரண்டாவது சொல் சட்டென்று நின்று, தொண்டையில் கொஞ்சம் சிரிப்போடு, "வாரேன்... வாரேன்." தினமும் அவள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்தை நெருங்கும்போது நிறுத்திவிடுவாள்.

மிக்கேலம்மாள் விஷயம் தெரிந்த நாளிலிருந்தே மருமகளை அரிக்க ஆரம்பித்துவிட்டாள். புதன்தோறும் ஆட்டோ பிடித்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஊரார் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"பேரச் சொல்லு ராணி. நீ பேர மட்டும் சொல்லு, கொரல் நான் குடுக்கேன்," என்பாள்.

"இன்னைக்கு வேண்டாம் மாமி."

"எனக்கு அவன் எப்படி இருந்தாலும் சரிதான். ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்து நின்னாலும் சரி, நாலு பிள்ளையோட வந்து நின்னாலும் சரி. கண்ணால பாத்தா போதும்."

"உங்களுக்குப் போதும் மாமி," என்பாள் சகாயராணி.  மிக்கேலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் வீட்டுக்குப் போகும்போது மருமகளின் ஸ்கூட்டரில்தான் போவாள், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒருநாள் காலையில், சாளை மீனைச் செதில் போக உரசிக்கொண்டிருந்த மிக்கேலம்மாள் கையை அப்படியே நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். சகாயராணி ஓடி வந்து, கையை வெட்டிக்கொண்டாளோ என்று பார்த்தாள்.

"அவன் கொரலு எனக்கு வர மாட்டேங்கு ராணி," என்றாள் மிக்கேலம்மாள். "நேத்துப் பிடிச்சு தேடுதேன். அவன மாதிரிச் சொல்லணும்னு வாயத் தொறந்தா அவன் அப்பன் கொரலு வருது. செத்தவன் கொரல வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"வந்துரும் மாமி. அழாதீங்க."

"எனக்குப் போயிட்டு. அவ்வளவுதான். நாளைக்கு உனக்கும் போயிட்டுன்னு வை, பொறவு அவனக் கூப்பிட ஆரு இருக்கா? எங்கயோ ஒரு ஊர்ல நின்னுக்கிட்டு, எல்லாரையும் கூப்பிடுதாவ, நம்மள ஒருத்தரும் கூப்பிடலியேன்னு நினைப்பாம்லா."

அன்று சகாயராணி கல்லூரிக்கு வரும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தமே இல்லை. அடுத்த புதன்கிழமை ஒத்திகை தொடங்குமுன், முதல்வர் அறைக்குப் போய், கூப்பிடுகிறவளே பதில் சொல்ல முடியாது சார், இன்றைக்கு ஒரு பெயரை மட்டும் நீங்கள் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். முதல்வர் எழுந்து நின்று, சரிம்மா என்றார்.

மணி அடித்தது. கட்டிடங்களிலிருந்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். அவள் திட்டமிட்டபடி, நெருக்கியடிக்காமல், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்து, ஊன்றுகோல் பிள்ளையை அந்த இருவர் தூக்கிக்கொண்டு, மேல்மாடியிலிருந்து கடைசி ஆள் வரை இறங்கி வந்தார்கள். இவ்வளவு ஒழுங்காக நாங்கள் அதுவரை வெளியேறியதில்லை. பெயர்கள் கூப்பிடப்பட்டன, குரல்கள் கொடுக்கப்பட்டன, மஸ்கட்டும் தமாமும் மாலத்தீவும் வந்து வரிசையில் நின்றன. எல்லாம் முடிந்ததும் சகாயராணி ஒலிபெருக்கியை முதல்வர் கையில் கொடுத்துவிட்டு, நடந்து போய், விடுதிப் பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் நின்றாள். தன் வலது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள்.  சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

முதல்வர் ஒலிபெருக்கியைத் தூக்கி, "கஸ்பார் பர்னாந்து," என்று கூப்பிட்டார்.

சகாயராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாரேன்... வாரேன்," என்றாள்.

 அது அவன் குரல்தான். அவனோடு பள்ளியில் படித்த எங்கள் அலுவலகக் குமாஸ்தா, டேய் என்று சொல்லிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். நலப்பணித் திட்டப் பிள்ளை ஒருத்தி கைலியோடு ஓரடி முன்னால் வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மிக்கேலம்மாள், முழங்கால் வலியையெல்லாம் மறந்து விருட்டென்று எழுந்து, "வந்துட்டாம்ல! ஏ கஸ்பாரு!" என்று கூவி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குரல் வந்த பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

சகாயராணியின் வலது பக்கம் காலியாக இருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். கைலியோடு முன்னால் வந்த பிள்ளை அப்படியே நின்றாள். உடைமரங்களில் காற்று அடித்தது, உப்பளத்துப் பக்கமிருந்து லாரி போகிற சத்தம் கேட்டது. முதல்வர் மணியடிக்கிற ஆளைப் பார்க்கவே இல்லை, வேண்டுமென்றே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர் பாக்கி இருக்கும்வரை அமைதி மணி அடிக்கக் கூடாது என்பது சகாயராணி வகுத்த திட்டம். அடிக்கலாம் என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான். அவள் கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நாங்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்த்தோம். அவன் இல்லை. எந்த ஊரிலும், எந்த வீட்டிலும், எவளுடைய சோற்றுக்கு முன்னாலும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, தூர தேசத்து அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி சத்தம் காட்டாமல் நின்றார்கள்.

மிக்கேலம்மாள் நீட்டிய கைகளோடு மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கைகளைக் கீழே போட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மருமகள் நின்ற இடத்துக்கு மெதுவாக நடந்து போனாள், நடந்து போய் அந்தக் காலி இடத்தில் நின்றாள். நின்று, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"ஏட்டி, அது அவன் கொரலா?"

சகாயராணிக்குப் புரியவில்லை. "மாமி?" என்றாள்.

"எம் மவன் அப்படியா பேசுவான்? எங்க போயிக் கேட்ட இந்தக் கொரல? இழுவ சாஸ்தி. சிரிப்பு ஒன்னு வேற சேத்திருக்க. வேற ஆரையோ கூப்பிடுதாவன்னு அவன் பேசாம இருந்துட்டான். பின்ன எப்படி வருவான்?"

அந்தக் குரலைக் கேட்டு முதலில் எழுந்து கையை நீட்டியவள் அவள்தான், நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவளுக்கு மகன் குரல் மறந்துபோய்விட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும்.  சகாயராணி மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"ஆமா மாமி," என்றாள் கடைசியில். "சரியா வரல."

"பழகணும்."

"பழகுதேன் மாமி."

"மணிய அடிக்கச் சொல்லு. பிள்ளையள் வெயில்ல நிக்குதுல்லா."

சகாயராணி கையைத் தூக்கிக் காட்டினாள். அமைதி மணி அடித்தது. சிமெண்டுக் கைகளும் சலவைச் சட்டைகளும் இருந்த இடத்தில் இல்லாமல் போயின, பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு வகுப்புகளுக்குத் திரும்பினார்கள், நாங்களும் திரும்பினோம். அந்த இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு சகாயராணி நாற்காலியை மடக்கி எடுத்துக்கொள்ள, மிக்கேலம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, ஸ்கூட்டர் நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள்.

புதன்கிழமை ஒத்திகை இப்போதும் நடக்கிறது. சகாயராணிதான் பெயர்களைக் கூப்பிடுகிறாள். மிக்கேலம்மாள் வந்து உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கஸ்பார் பெயரை இன்னும் ஒருமுறை கூப்பிடச் சொல்லி இருவரும் முதல்வரிடம் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பூசையில் அவன் பெயர் இன்னும் கடல்மேல் போனவர்களோடுதான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கோயில் தெரு வழியாகப் போகிறவர்களுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்கும். முதல் சொல் நீண்டு, இரண்டாவது சட்டென்று நின்று, தொண்டையில் சிரிப்போடு, அவனை அறிந்தவர்கள் திடுக்கிட்டு நின்றுவிடுகிற மாதிரி, "வாரேன்... வாரேன்."  அப்புறம் மிக்கேலம்மாள் சொல்வாள்:

"இன்னும் சரியா வரல, ராணி. இன்னொருக்கா சொல்லு."